பெட்ரோல் கசிவைக் கண்டுபிடித்துத் தந்தவருக்கு நன்றி

பெயர்கூடச் சொல்லாமல் உதவிய அந்த நண்பருக்கு மனமார்ந்த நன்றி. என் பனி அள்ளும் இயந்திரத்தில் பெட்ரோல் சொட்டுகிறது என்று நான் சொன்னதும், முதலில் எரிபொருள் வால்வை மூடிப் பார்க்கச் சொன்னார். சொட்டு நின்றது. சரி, டேங்கில் குறையில்லை, கார்புரேட்டரை (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பாருங்கள் என்றார். பழைய பெட்ரோலின் பிசின் படிந்து, அதற்குள் பெட்ரோல் வரத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையின் ஊசி வால்வு முழுதாக மூடவில்லை. கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் நிரம்பி வழிந்திருக்கிறது. ஊசியையும், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையும் மாற்றினேன்.

அதைவிடப் பெரிய உதவி இன்னொன்று. வழிந்த பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கலாம், ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள் என்றார். உண்மையிலேயே பெட்ரோல் வாடை! ஆயிலை மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்தேன். அவர் சொல்லாவிட்டால், பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயிலில் ஓடி எஞ்சினே தேய்ந்திருக்கும். முன்பின் தெரியாத ஒருவருக்காக இவ்வளவு பொறுமை! நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் ஐயா.