ஹெட்செட்டைக் கியர்பாக்ஸுக்கு மாட்டு, காலைக் கூட்டத்துக்கு வேண்டாம்

அன்புள்ள கோமதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். பணகுடிப் பக்கம் காற்று எடுத்துவிட்டது, காற்றாலைகள் நிற்காமல் சுற்றுகின்றன.

இனி தினமும் காலைக் கூட்டத்தையும் அந்த மெய்நிகர் (VR) ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டே நடத்தப்போவதாக உன் மேலதிகாரி சொல்கிறார், என்ன செய்யலாம் என்று போனில் கேட்டாயே. கியர்பாக்ஸை முப்பரிமாணத்தில் சுற்றிப் பார்க்கிற கூட்டத்துக்கு மாட்டு. மற்றதற்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்.

அந்தச் சாமான் மேல் எனக்குக் கோபம் இல்லை. லீவுக்கு வந்தபோது தார்சாவில் வைத்து என் தலையில் மாட்டிவிட்டாயே, ஆள் உயரத்துக்குக் கியர்பாக்ஸ் கண்முன் நின்றது. குனிந்தால் அடியில் இருக்கிற போல்ட் தெரிந்தது. கூட்டத்தில் இருந்த டென்மார்க்காரர் இடது பக்கம் நின்று பேசினார், குரலும் இடது பக்கமிருந்தே வந்தது. அவர் விரல் நீட்டிய பல்லைத்தான் எல்லாரும் பார்த்தோம். மில்லில் ரிங் ஃப்ரேம் இரைச்சலுக்குள் வாயசைவும் கைச்சாடையுமாகவே சோலி பார்த்தவன் நான். எனக்கு அது புதிதாகவே படவில்லை. நம் கை, ஹெட்செட்டில் உள்ள கேமராவின் பார்வையை விட்டு இறங்கினால் காணாமல் போகிறதே, அதுதான் வேடிக்கை. நான் இடித்துவிடாமல் உன் அம்மா குத்துவிளக்கை எடுத்து உள்ளே வைத்ததும் நல்லதாயிற்று.

காலைக் கூட்டம் அப்படியா? நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன தடங்கல், அவ்வளவுதானே. அதற்குச் சுற்றி வந்து பார்க்க ஒன்றும் இல்லை. 515 கிராம் குவெஸ்ட் 3 ஹெட்செட்டை முகத்தில் தொங்கவிட்டு, ஆட்களுக்குப் பதில் நிற்கிற பொம்மைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். (மெட்டா 2021-ல் வொர்க்ரூம்ஸ் என்ற VR கூட்ட ஆப்பைக் கொண்டுவந்தபோது அந்தப் பொம்மைகளுக்குக் காலே கிடையாதாமே!) புதிதாகச் சேர்ந்த பையன் புரிந்துதான் தலையாட்டுகிறானா, முழிக்கிறானா என்பது பொம்மை முகத்தில் தெரியாது. கண்ணசைவைப் பிடிக்கிற மாடலும் உண்டு என்றாய், உங்களுக்குக் கொடுத்தது அது இல்லையே.

உன் தலைவலியும் சும்மா வரவில்லை. கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கக் கண்கள் இரண்டும் உள்பக்கம் திரும்புகின்றன. லென்ஸ் காட்டுகிற படமோ எப்போதும் ஒரே தூரத்தில்தான் ஃபோகஸ் ஆகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கண் கிடந்து இழுபடுகிறது. கையில் பிடிக்கிற கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளி நகராதே, காலால் நட. நகர்ந்தோம் என்று கண் சொல்ல, இல்லை என்று உள்காது சொன்னால் குமட்டத்தான் செய்யும்.

மேலதிகாரியிடம் மறுப்பாகப் பேசாதே. கியர்பாக்ஸ் கூட்டம் வாரத்துக்கு இன்னொன்று வைத்துக்கொள்ளலாம், காலைப் பேச்சை வீடியோவில் முடிக்கலாம் என்று கேள். ஒத்துக்கொள்ளவில்லையா, சவத்தை விடு, நடுநடுவே கழற்றிவிட்டு உட்கார். அந்தப் புதுப் பையனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசு.

இப்படிக்கு,
அப்பா