உன் சூப்புக்குக் கார்ன்ஃப்ளார் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

குளிர் தொடங்கியதிலிருந்து ராத்திரிக்குச் சூப்தான் என்று எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் அடுத்த வரியிலேயே, தண்ணியாக இருக்கிறது, கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றினால்தான் கெட்டிப்படுகிறது என்றும் எழுதியிருக்கிறாய். கார்ன்ஃப்ளார் கொழகொழப்பைத் தரும், ருசியைத் தராது. வயிறு நிறைகிற சூப் வேண்டுமென்றால், அந்தக் கனம் நீ போடுகிற காய், பருப்பு, எலும்பிலிருந்தே வரவேண்டும்.

நீ அவசரப்படுவது வெங்காயத்தில் என்று நினைக்கிறேன். அடிகனமான பாத்திரத்தில் கொஞ்சம் தாராளமாக எண்ணெயோ வெண்ணெயோ விட்டு, இரண்டு பெரிய வெங்காயம், இரண்டு கேரட், கிடைத்தால் இரண்டு தண்டு செலரி, எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் போடு. ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துச் சிறு தீயில் வை. உப்பு பட்டதும் காய் தண்ணீர் விடும். முதலில் சளசளவென்று சத்தம் வரும். தண்ணீர் வற்ற வற்ற அது அடங்கி, வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகி, ஓரங்கள் கரண்டியில் ஒட்டத் தொடங்கும். இதற்குக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை அடுப்பைக் கூட்டாதே. அப்புறம் நாலு பல் பூண்டு, ஒரு ஸ்பூன் தக்காளி விழுது. விழுதின் சிவப்பு கருக்கும்வரை வதக்கு. அடியில் பழுப்பாகப் பிடித்திருப்பதைக் கழுவிக் கொட்டிவிடாதே, ருசியே அங்கேதான் இருக்கிறது. அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டினால் எல்லாம் கரைந்து வந்துவிடும்.

இனி வேலை சுலபம். ஒரு கப் மசூர் பருப்பு, ஒரு பெரிய உருளைக்கிழங்கு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். அரை மணி நேரத்தில் பருப்பு குழைந்துவிடும். உருளைக்கிழங்கைப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்துக் கரண்டியால் நசுக்கி விட்டால், அதிலுள்ள மாவுச்சத்து கலந்து சூப் தானாகவே கெட்டிப்படும். இன்னும் கெட்டியாக வேண்டுமானால் இரண்டு கரண்டி எடுத்து மிக்ஸியில் அடித்துத் திரும்ப ஊற்று. சூடாக அடிக்காதே. ஆவி மூடியைத் தூக்கி எறிந்துவிடும்.

மசூர் பருப்புக்குப் பதில் கொண்டைக்கடலை போட்டால், அது வெந்த பிறகுதான் தக்காளியைச் சேர்க்க வேண்டும். புளிப்பு பட்டால் கடலை சீக்கிரம் வேகாது.

கோழி எலும்பு போடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக. இறக்கை, கால் இவற்றில் ஜவ்வு அதிகம். அதிலுள்ள கொலாஜன் சிறு தீயில் மூன்று மணி நேரம் வெந்தால் ஜெலட்டினாக மாறி, சாற்றுக்கு ஒரு வழவழப்பைக் கொடுக்கும். மறுநாள் ஃபிரிட்ஜைத் திறந்து, சாறு உறைந்து தளதளவென்று ஆடுவதைப் பார்த்தால் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதே. நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். பெரிய தீயில் கொதிக்கவிட்டால் கொழுப்பு கலந்து சாறு கலங்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் பருப்பு போட்ட சூப்பில் தெளிவை யார் தேடப்போகிறார்கள்?

சூப் வற்ற வற்ற உப்பு ஏறும். அதனால் மீதி உப்பைக் கடைசியில் பார்த்துப் போடு. எலுமிச்சைச் சாறும் மிளகுத்தூளும் அடுப்பை அணைத்த பிறகுதான். எல்லாம் சரியாகப் போட்டும் சப்பென்று இருந்தால், உப்பைக் கூட்டுவதற்கு முன் ஒரு பிழி எலுமிச்சை விட்டுப் பார். பாஸ்தாவோ சோறோ சேர்ப்பதென்றால் தனியாக வேகவைத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொள். சூப்பிலேயே போட்டு வைத்தால் மறுநாள் சாறு முழுவதையும் அதுவே குடித்திருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குளிர்காலம்தானே என்று பாத்திரத்தை ராத்திரி முழுக்க அடுப்பிலேயே விட்டுவிடாதே. கொதியைத் தாங்குகிற கிருமிகள் உண்டு. சூப் மெல்ல ஆறும்போது அவை பெருகும். சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஊற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடு. மூன்று நாளைக்குத் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசரில் வை. எடுக்கும்போது நன்றாகக் கொதிக்கவிட்டுச் சாப்பிடு.

அப்புறம், ராஜ்மாவை ஊறவைக்காமல் ஸ்லோ குக்கரில் போடலாமா என்ற கேள்வி. கூடாது. வேகாத ராஜ்மாவில் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒரு நச்சு இருக்கிறது. ஸ்லோ குக்கரின் சூடு அதை அழிக்கப் போதாது. ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டு, அதன் பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றிக்கொள்.

அன்புடன்,
அக்கா