ஒரு லோடு சோளத்தட்டு வாங்காமல் கழிந்த கோடை: ஒரு நன்றி மடல்

மூலனூர்ப் பக்கத்துச் சொந்தபந்தங்களுக்கும் அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும் வணக்கம்.

இந்தக் கோடையில் மாட்டுத் தீவனத்துக்கென்று எங்கள் வீட்டுக்கு ஒரு லோடு சோளத்தட்டுகூட வெளியிலிருந்து வரவில்லை. சித்திரை மழை பெய்யும்வரை 3 மாடும் 18 ஆடும் எங்கள் 9 ஏக்கர் கொறங்காட்டிலேயே, நின்று காய்ந்த கொழுக்கட்டைப் புல்லையும் உதிர்ந்த வெள்வேலங்காயையும் தின்று பிழைத்துக்கொண்டன. மயிலை மாடு மாசியில் கன்று போட்டது. பிறக்கும்போது செக்கச்செவேல் என்று இருந்த கன்று இப்போதுதான் மெல்லச் சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "காட்டை நல்லா வெச்சிருக்கே கண்ணு" என்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இந்தக் காட்டுக்கு யார் யார் என்ன செய்தார்கள் என்பதை ஒருமுறையாவது ஊரறியச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

வெளியூரில் இருப்பவர்களும் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. காங்கயம், வெள்ளகோயில், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் செம்மண்ணும் சரளையுமாக இருக்கிற மானாவாரி நிலத்தைச் சுற்றி முள்கிளுவை வேலி போட்டு, நடுவில் வெள்வேல மரங்களை விட்டு, கீழே கொழுக்கட்டைப் புல் வளர்த்து மேய்ப்பதைத்தான் கொறங்காடு என்கிறோம். காங்கயம் மாடு இந்தக் காட்டில் வளர்ந்த மாடு. வெள்வேல் நிழல் அடர்த்தியில்லாதது. அதனால் மரத்தடியிலும் புல் வரும்.

எங்கள் காடு கெட்டுப்போனது 2016, 17 வறட்சியில். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்தது. அப்பாவிடம் அப்போது 5 மாடு, 40 ஆடு. உள்வேலி எல்லாம் எப்போதோ சரிந்து ஒன்பது ஏக்கரும் ஒரே மைதானமாகக் கிடந்தது. காட்டு வாசலை அடைக்கிற படல் திறந்தபடியே இருந்தது. எங்கே பச்சை முளை தெரிந்ததோ அங்கே ஆடு வாய் வைத்தது. மறுபடி துளிர்த்தால் மறுபடி கடித்தது. கடைசியில் தூரையும் கிளறித் தின்றன. மெரினாவில் நாட்டு மாட்டுக்காக அவ்வளவு பெரிய கூட்டம் கூடியிருந்த அதே மாதத்தில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு காங்கயம் மாடு விலைக்குப் போனது. டிவியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா. அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

2019-இல் நான் திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது காட்டில் இருந்தது இறுகிப்போன மண்ணும் பார்த்தீனியக் களையும்தான். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. செக்கச்செவேல் என்று, வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரிப் பாதையில் ஓடும். சரி, விதை போட்டால் புல் வந்துவிடும் என்று நினைத்தேன். புரட்டாசியில் ரோட்டோரமாக உருவிச் சேர்த்த கொழுக்கட்டை விதையை அந்த ஐப்பசியிலேயே விதைத்தேன். முளைத்தது எண்ணி ஐம்பது தூர் இருக்கும். அதையும் எங்கள் ஆடே மேய்ந்தது.

பெரியம்மா, முதல் நன்றி உங்களுக்கு. "புது விதை தூங்கும் சாமி, போன வருசத்து விதைதான் முளைக்கும்" என்று சொல்லி, அட்டாலியிலிருந்து துணிப்பையை இறக்கி மூன்று படி விதை அளந்து கொடுத்தீர்கள். எனக்கு அது பாட்டி வைத்தியம் மாதிரிதான் பட்டது. அப்புறம் விசாரித்தால் அதுதான் உண்மை: உருவிய உடனே இந்தப் புல் விதை சரியாக முளைக்காது, ஆறேழு மாதமாவது கிடக்க வேண்டும். பஞ்சு மாதிரி இருக்கிற விதை காற்றில் பறக்காமல் இருக்கச் செம்மண்ணும் சாணமும் கலந்து பிசிறித் தூவச் சொன்னதும், ஆழமாக மூடாமல் முள் கிளையைக் கட்டி மேலாக இழுக்கச் சொன்னதும் நீங்கள்தான். கூடவே ஒரு கை நரிப்பயறு போட்டீர்கள். இன்றைக்குப் புல்லுக்கு நடுவே கொடி ஓடுகிறது. மண்ணுக்குத் தழைச்சத்து, மாட்டுக்குப் புரதம், எனக்குச் செலவில்லை.

ஆனால் விதை கிடைத்து என்ன செய்ய? முளைக்கிற புல் வேர் பிடித்து, பூத்து, ஒரு தடவை விதை உதிர்க்கும்வரை அதில் வாய் படக்கூடாது. அதுவரை இருக்கிற உருப்படிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? காட்டுக்கு ஓய்வு கொடு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். மாட்டைக் கட்ட இடமில்லாதவள் எதைக் கொடுப்பாள்? இந்தக் கேள்விக்குத் தாளில் எத்தனையோ கணக்குப் போட்டுப் பார்த்தேன். தட்டு வாங்கிப் போட்டால் ஆறு மாதத்தில் ஆடு விற்ற காசு அத்தனையும் போய்விடும்.

கிழக்காலத் தோட்டத்து மாமா, 2020 ஆடிப்பெருக்கு அன்று காலையில் நீங்களே வந்து படலைத் திறந்து, எங்கள் உருப்படிகளை உங்கள் காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனீர்கள். தை பிறந்துதான் திரும்பி வந்தன. ஐந்தரை மாதம். உங்களுக்கும் எங்களுக்கும் வரப்புத் தகராறில் பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று இதுவரை கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை. அத்தை மட்டும் ஒருநாள், "உங்கொப்பன் மாட்டை ஏத்திவிட்ட அன்னைக்கு இவரு சோறு திங்கலை" என்றார். அது போதும் எனக்கு. உங்கள் காட்டுப் புல்லில் எங்கள் ஆடு வளர்ந்த அந்த ஐந்தரை மாதத்தில்தான் எங்கள் புல் வேர் விட்டது. மற்ற எல்லோருடைய உதவியும் அந்த வேரின் மேல் வந்து சேர்ந்ததுதான்.

ஒன்பது ஏக்கரை ஐந்து அடைப்பாகப் பிரிக்க, நட்டால் துளிர்க்கிற கிளுவைக் கிளைகளை, அதாவது போத்துகளை, வெட்டிக் கொடுத்து, குழி பறித்து நட்டுத் தந்த பங்காளிகள் எட்டுப் பேருக்கும் நன்றி. கூலி வாங்க மாட்டோம் என்றவர்கள் கறிச்சோற்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 2021 ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிய மழையில் போத்துகள் துளிர் பிடித்துக்கொண்டன. பாறைக்கல் பக்கம் மட்டும் இரண்டு தடவை பட்டுப்போய், இன்னமும் கம்பிதான் கட்டியிருக்கிறோம்.

புல்லே பிடிக்காத மேற்கு மூலையில் 150 செம்மறிகளுடன் பதினோரு இரவு பட்டி போட்ட அண்ணனுக்கும் நன்றி. தினமும் சாயங்காலம் படலைப் பெயர்த்து இடம் மாற்றினார். புழுக்கையும் மூத்திரமும் விழுந்து, குளம்பு பட்டு மேலோடு உடைந்த இடத்தில் அடுத்த மழைக்கே பச்சை தெரிந்தது. பதினோராம் இரவுக்குக் காசு வேண்டாம் என்று போய்விட்டார்.

கால்நடை மருந்தகத்து டாக்டர் ஐயாவுக்குச் சொல்ல வேண்டியது நிறைய. ஆட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தவளிடம், "முதல்ல புல்லை எவ்வளவு உயரத்துல விடறீங்க?" என்று கேட்டார். புழுக்குஞ்சு புல்லின் அடிப்பகுதியில்தான் அதிகம் இருக்குமாம். தரையோடு மேய விட்டால் ஆடு புல்லோடு புழுவையும் தின்கிறது. ஆட்டை வதைக்கிற புழுக்களில் பல மாட்டு வயிற்றில் தங்குவதும் இல்லை. இப்போது மாடு முதலில் இறங்கி நாக்கால் வளைத்து மேலே தின்னும். அதற்குப் பின்னால் ஆடு. நாலு விரற்கடைப் புல் நிற்கும்போதே வெளியே ஓட்டிப் படலைச் சாத்திவிடுகிறோம். மருந்து ஊற்றும் முன் புழுக்கையைச் சோதனைக்குக் கொடுக்கிறோம், பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

அவரிடம் பயிற்சிக்கு வந்திருந்த மாணவிதான் காலண்டரில் தேதி எழுதும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தாள். கடிபட்ட புல் தூரிலும் வேரிலும் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான் துளிர்க்கும். இலை வந்து அந்தக் கடனை அடைக்கும் முன் மறுபடி கடித்தால் வேர் சுருங்கும் என்றாள். மழை மாதத்தில் ஓர் அடைப்புக்கு 35, 40 நாள் ஓய்வு. மழை நின்றால் 60. மாசிக்கு மேல் நாள் கணக்கு செல்லாது, புல் வளரப் போவதே இல்லை. நிற்கிறதைப் பங்கு பிரித்து மேய்க்க வேண்டியதுதான். பிரான்சில் அந்த்ரே வோய்சன் என்பவர் 1950களிலேயே இந்த ஓய்வுக் கணக்கை எழுதியிருக்கிறார் என்று அவள் சொன்னபோது அப்பா திண்ணையிலிருந்து, "எங்கப்பாருக்கு அந்தாளைத் தெரியாது, ஆனா படலைச் சாத்துவாரு" என்றார்.

அப்பாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். திரும்ப வந்த ஆடுகள் பெருகி முப்பத்தொன்று ஆனபோது பதின்மூன்றை விற்றுவிடலாம் என்றேன். இதற்காக வீட்டில் மூன்று நாள் சண்டை. நான்காம் நாள் அவரே காட்டைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, வியாபாரிக்குப் போன் போடச் சொன்னார். எத்தனை அடைப்பு பிரித்தாலும் காடு தாங்குவதற்கு மேல் ஆடு இருந்தால் எதுவும் நிற்காது. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விற்பதுதான் அவருக்கு வலி.

போன ஐப்பசியில் அடியில்லாத தகர டப்பாவை மண்ணில் அழுத்தி ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். புல் தூருக்குப் பக்கத்தில் நான்கு நிமிஷத்தில் இறங்கியது. இட்டேரியில் அதே டப்பாவை வைத்துவிட்டு டீ குடித்து வந்தும் பாதித் தண்ணீர் நின்றது. சாணத்தைப் புரட்டினால் வண்டு ஓடுகிறது. கௌதாரி கத்துவதைக் கேட்டு அப்பா காலையில் எழுந்துகொள்கிறார்.

மாமா, ஆடியில் உங்கள் கீழ்க்காட்டை உழுது புதுப் புல் போடப் போவதாக அத்தை சொன்னார். எங்கள் மேற்கு அடைப்பில் 52 நாளாக யாரும் இறங்கவில்லை. புல் முழங்கால் தொடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், உங்கள் 12 ஆட்டுக்குத் தாராளம். ஆடிப்பெருக்கு அன்று காலையில் நான் வந்து ஓட்டிக்கொள்கிறேன். தை பிறந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தெக்காலக் காட்டு வீட்டுப் பெண்,
மூலனூர்