வழியில் இருக்கும் சரக்கை நிறுத்தாதீர்கள்: டிரான்சிட் உடன்படிக்கைகளைப் பேசி முடிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர்களுக்கும், வணிகம், போக்குவரத்து, சுங்கம் ஆகிய துறைகளின் செயலர்களுக்கும், அண்டை நாடுகளுக்கிடையே டிரான்சிட் (ஒரு நாட்டின் சரக்கு இன்னொரு நாட்டின் வழியாகக் கடந்து செல்வது) உடன்படிக்கைகளைப் பேசி முடிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

கடற்கரை இல்லாத வளரும் நாடுகள் என்று ஐக்கிய நாடுகள் அவை வகைப்படுத்தியிருப்பவை 32. அந்நாடுகளில் வாழும் 50 கோடிக்கும் மேற்பட்ட மக்களின் மருந்தும் எரிபொருளும் உரமும் பெரும்பாலும் வேறொரு நாட்டின் துறைமுகத்தில் இறங்கி, அந்நாட்டின் சாலையிலோ ரயிலிலோ பயணித்து, அந்நாட்டு அதிகாரியின் முத்திரை விழுந்த பிறகே வீடு சேர்கின்றன. புதிய பாதைகளும் புதிய பாலங்களும் அறிவிக்கப்படும்போது நானும் மகிழ்கிறேன். ஆனால் இம்மடலில் நான் கேட்பது புதிய பாதையை அன்று. இருக்கின்ற பாதை நாளைக்கும் திறந்திருக்கும் என்ற உறுதியை, கேட்டால் காட்டக்கூடிய வகையில், உடன்படிக்கையிலேயே எழுதிக் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நான் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றின் ஆவணப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். ஒருமுறை கடலற்ற நாடொன்றுக்குப் போக வேண்டிய கன்டெய்னர் எல்லைச் சாவடியில் நிறுத்தப்பட்டது. கதவில் பூட்டியிருந்த, எண் பொறித்த உலோகப் பூட்டான போல்ட் சீலின் எண்ணில் ஓர் இலக்கம் 3. கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் அதே இடத்தில் 8. தட்டச்சில் நேர்ந்த பிழை அது. சீல் உடையவில்லை, கதவு திறக்கப்படவில்லை, எடையிலும் மாற்றம் இல்லை. நிறுத்திய அதிகாரி மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. எண் பொருந்தாத சீலைக் கண்டும் காணாமல் அனுப்புவது அவர் வேலை அல்ல. ஆனால் அதைத் திருத்தும் அதிகாரம் அந்தச் சாவடியில் எவருக்கும் இல்லை. கப்பல் நிறுவனத்தின் திருத்தக் கடிதம் துறைமுகச் சுங்க அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போய், அடுத்த நாட்டின் ஒப்புதலையும் வாங்கிக்கொண்டு எல்லைக்குத் திரும்ப 13 நாட்கள் ஆயின. அந்த 13 நாளும் லாரி ஓட்டுநர் வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்து, ஸ்டவ்வில் சமைத்துச் சாப்பிட்டார். கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானதற்கான டிடென்ஷன் கட்டணம் நாளுக்கு நாள் ஏறி, இறுதியில் லாரி வாடகையையும் மிஞ்சியது. உள்ளே இருந்தவை பாசனப் பம்புகளின் உதிரிப் பாகங்கள். அவை போய்ச் சேர்ந்தபோது, எந்தப் பருவத்துக்காக வரவழைக்கப்பட்டனவோ அந்தப் பருவம் பாதி கடந்துவிட்டது.

எவருக்கும் தீய எண்ணம் இல்லாதபோதே ஓர் இலக்கத்துக்காக 13 நாட்கள் போகுமானால், அரசுகளுக்கிடையே கசப்பு நேரும்போது என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் இருக்கின்றன.

நேபாளத்தையே எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் கடல்வழிச் சரக்கு பெரும்பாலும் கொல்கத்தாவில் இறங்கி, சுமார் 700 கிலோமீட்டர் ரயில் பயணத்தில் இந்திய எல்லை ஊரான ரக்சௌலைக் கடந்து, நேபாளத்தின் பீர்கஞ்ச் உலர் துறைமுகத்தை (உள்நாட்டுச் சரக்கு முனையத்தை) அடைகிறது. 1989 மார்ச்சில் இந்தியாவுடனான வணிக, டிரான்சிட் உடன்படிக்கைகளின் காலம் முடிந்தது. புதியது கையெழுத்தாகவில்லை. இரண்டு வழிகளைத் தவிர ஏனைய டிரான்சிட் வழிகள் மூடப்பட்டன. மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் மக்கள் ஓராண்டுக்கு மேல் அல்லற்பட்டார்கள். 2015இல் அதைவிடக் கடுமையான சோதனை வந்தது. ஏப்ரல் நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேரை இழந்து, இலட்சக்கணக்கான வீடுகள் இடிந்து கிடந்த நாட்டில், செப்டம்பரில் புதிய அரசியலமைப்பு அறிவிக்கப்பட்டதும் எல்லைச் சரக்குப் போக்குவரத்து தடைபட்டு, அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை சீராகவில்லை. நேபாள அரசு அதை முற்றுகை என்றது. இந்திய அரசோ தான் எந்தத் தடையும் விதிக்கவில்லை என்றும், அந்த அரசியலமைப்பை எதிர்த்து எல்லையின் நேபாளப் பக்கத்தில் நடந்த போராட்டங்களே காரணம் என்றும் கூறியது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இம்மடலை எழுதவில்லை. அந்தக் குளிர்காலத்தில் சமையல் எரிவாயு இல்லாமல் விறகு தேடியவர்களுக்கும், மருந்துக் கையிருப்பை எண்ணிப் பார்த்துச் செலவழித்த மருத்துவமனைகளுக்கும் அந்த விவாதத்தால் ஒரு பயனும் விளையவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். வழி ஏன் அடைபட்டிருக்கிறது, எப்போது திறக்கும் என்று எழுத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு பொது அமைப்பு இரு நாடுகளுக்கும் இருந்திருக்குமானால், குறைந்தபட்சம் அவர்களுக்கு ஒரு தேதியாவது தெரிந்திருக்கும்.

அரசுகள் விரும்பாமலேயே வழி அடைபடுவதும் உண்டு. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் கென்யாவில் வன்முறை வெடித்தபோது, அந்நாட்டுத் துறைமுகமான மொம்பாசாவிலிருந்து உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் போகும் எரிபொருள் நின்றது. அந்நாடுகளைத் துன்புறுத்த வேண்டும் என்று அங்கே எவரும் நினைக்கவில்லை. ஆனாலும் உகாண்டாவின் தலைநகர் காம்பாலாவின் பெட்ரோல் நிலையங்கள் வறண்டன. ஆப்கானிஸ்தானுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே டோர்காம், சமன் எல்லைகள் மூடப்படும் ஒவ்வொரு முறையும் திராட்சையும் மாதுளையும் லாரிகளிலேயே அழுகுகின்றன. சிமென்ட் பத்து நாள் காத்திருக்கும், திராட்சை காத்திருக்காது. விளைவித்தவர் அந்த ஆண்டின் வருமானம் முழுவதையும் அந்த வரிசையில் இழந்துவிடுகிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1921ஆம் ஆண்டின் பார்சிலோனா உடன்படிக்கையும், 1965ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையும், உலக வணிகத்துக்கான காட் (GATT) ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவும் டிரான்சிட் சுதந்திரத்தை ஏற்கின்றன. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை ஒரு பகுதியையே இதற்கென ஒதுக்கியிருக்கிறது. அதன் 125ஆம் பிரிவு கடலற்ற நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமை உண்டு என்கிறது. 127ஆம் பிரிவு, அளித்த சேவைக்கான கட்டணம் தவிர வேறு வரியோ தீர்வையோ டிரான்சிட் சரக்கின்மீது விதிக்கக் கூடாது என்கிறது. 130ஆம் பிரிவு தாமதங்களைத் தவிர்க்க உரிய நடவடிக்கை எடுக்குமாறு வழிவிடும் நாடுகளைப் பணிக்கிறது. ஆனால் அதே 125ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படியுங்கள். அந்த உரிமையை எந்த நிபந்தனைகளில், எந்த முறையில் பயன்படுத்துவது என்பதைச் சம்பந்தப்பட்ட நாடுகளே தமக்குள் பேசி முடிவு செய்யட்டும் என்று அது விட்டுவிடுகிறது. உலகம் பொதுவாக ஒப்புக்கொண்ட உரிமைக்கு உயிர் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. ஆகவேதான் இந்த மடலை ஐ.நா. அவைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

வழிவிடும் நாடுகளின் கவலைகளை நான் அறியாதவன் அல்லன். தீர்வையின்றி உள்ளே வந்த சரக்கு வழியிலேயே இறங்கி உள்ளூர்ச் சந்தைக்குப் போய்விட்டால், அரசுக்கு வருவாய் இழப்பு, நேர்மையாக வரி கட்டிய வணிகருக்கு நட்டம். பாரம் ஏற்றிய லாரிகளால் சாலை தேய்கிறது. செப்பனிடும் செலவு அந்நாட்டு மக்களின் தலையில் விழுகிறது. ஆயுதமும் போதைப்பொருளும் மூடிய கன்டெய்னருக்குள் போகக்கூடும் என்ற அச்சமும் நியாயமானதே. கடல் சட்ட உடன்படிக்கையே வழிவிடும் நாடு தன் நலன்களைக் காத்துக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொள்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் இன்று பயன்பாட்டில் உள்ள பரிகாரங்கள் இருக்கின்றன. சரக்கு காணாமற்போனால் தீர்வைக்கு ஈடுகட்டும் பிணைத்தொகை ஏற்பாட்டையும், வழியில் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்காமல் சீலை மட்டும் சரிபார்த்து அனுப்பும் முறையையும் எல்லை கடக்கும் சாலைச் சரக்குக்கான 1975ஆம் ஆண்டின் டி.ஐ.ஆர். உடன்படிக்கை வகுத்துக் கொடுத்திருக்கிறது. கொல்கத்தாவிலிருந்து பீர்கஞ்சுக்குப் போகும் கன்டெய்னர்களில் மின்னணு சீல் பூட்டப்படுவதால், அவை எங்கே நிற்கின்றன, யாராவது கை வைத்தார்களா என்பது உடனுக்குடன் தெரிந்துவிடுகிறது. துறைமுகத்தில் நடந்த சோதனையும் ஆவண வேலையும் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. சாலைத் தேய்மானத்துக்கு உண்மையான செலவைக் கணக்கிட்டு வெளிப்படையாகக் கட்டணம் வாங்குங்கள். கடலற்ற நாடுகள் அதைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். வழியை மூடிவிடுவது இந்தக் கவலைகளில் எதற்கும் தீர்வு ஆகாது.

எல்லையில் அதிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையே சிருண்டுவில் 2009இல் ஒரே இடச் சோதனைச் சாவடி திறக்கப்பட்டது. ஒரு திசையில் செல்லும் வண்டி ஒரே வளாகத்தில், இரு நாட்டு அதிகாரிகளும் அருகருகே அமர்ந்திருக்க, ஒருமுறை நின்று புறப்படுகிறது. முன்பு நாட்கணக்கில் நீண்ட காத்திருப்பு அங்கே வெகுவாகக் குறைந்தது. அங்கிருந்து மேற்கே, ஜாம்பியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் இடையே உள்ள கசுங்குலாவில் 2021 வரை லாரிகள் சாம்பேசி ஆற்றைப் படகில்தான் கடந்தன. இப்போது 923 மீட்டர் நீளப் பாலம் இருக்கிறது, அதன் இரு முனையிலும் இதே வகைச் சாவடியும் இருக்கிறது. என் 13 நாள் கன்டெய்னர் இப்படிப்பட்ட இடத்தில் நின்றிருந்தால், இரு அதிகாரிகளும் சீலை ஒன்றாகப் பார்த்து, திருத்தத்தில் கையெழுத்திட்டு, அன்று மாலையே அனுப்பியிருக்க முடியும்.

ஒரே வாசலை நம்பியிருக்கும் நாடு வேறு வாசல் தேடத்தான் செய்யும். அதைப் பகைமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1973இல் ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) ஜாம்பியாவுடனான எல்லையை மூடியபோது, தான்சானியாவின் தாருஸ்ஸலாம் வரை சீன உதவியுடன் ஜாம்பியாவுக்காக 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை ஏற்கெனவே போடப்பட்டுக்கொண்டிருந்தது. எரித்திரியாவுடன் 1998இல் போர் மூண்டு அந்நாட்டின் அசாப் துறைமுகத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பை இழந்த எத்தியோப்பியா, இன்று பெரும்பாலும் ஜிபூட்டி என்ற ஒரே வழியைச் சார்ந்திருக்கிறது. அந்தச் சார்பின் அச்சமே அதைப் பிற கடற்கரைகளை நோக்கித் தள்ளுகிறது. 2015க்குப் பின் நேபாளம் சீனாவுடன் டிரான்சிட் உடன்படிக்கை செய்ததும் இதே காரணத்தால்தான். இமயமலையைத் தாண்டிச் சீனத் துறைமுகங்களுக்குப் போகும் தூரம் கொல்கத்தாவுக்குப் போகும் தூரத்தைவிடப் பல மடங்கு என்பது கையெழுத்திட்டவர்களுக்குத் தெரியாதது அல்ல. ஒருமுறை அடைபட்ட வழியின்மீது போன நம்பிக்கை அத்தனை எளிதில் திரும்புவதில்லை. அதனால் துறைமுக நாடும் தன் வருவாயை இழக்கிறது என்பதைத் துறைமுக அமைச்சர்கள் தயவுசெய்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்புக் காரணம் என்று சொல்லிவிட்டால் மேலே எந்தக் கேள்வியும் கேட்க இயலாது என்ற எண்ணமும் இப்போது செல்லாது. கஜகஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் போகும் உக்ரைனின் சரக்கை ரஷ்யா கட்டுப்படுத்திய வழக்கில், உலக வணிக அமைப்பின் தீர்ப்பாயம் 2019இல் ரஷ்யாவின் நடவடிக்கையை ஏற்றுக்கொண்டது. ஆனால் பாதுகாப்புக் காரணத்துக்கான விதிவிலக்கு பொருந்துமா இல்லையா என்பதை ஆராயும் அதிகாரம் தனக்கு உண்டு என்றும் அது தெளிவாகச் சொன்னது. காரணத்தை எழுத்தில் வைக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குவது அனைவருக்கும் நல்லது.

ஆதலால் அடுத்த முறை நீங்கள் உடன்படிக்கையைப் புதுப்பிக்கவோ புதிதாக எழுதவோ அமரும்போது, சில வாசகங்களைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உடன்படிக்கையின் காலம் முடிந்தாலும், புதியது நடைமுறைக்கு வரும்வரை பழையதே தொடரும் என்று எழுதுங்கள். 1989இல் நேர்ந்தது போல ஒரு தேதி கடந்ததற்காக ஒரு நாடு தவிக்க வேண்டியதில்லை. ஒரு வழியை மூடவோ கட்டுப்படுத்தவோ நேரிட்டால், எழுத்தில் காரணமும் முன்னறிவிப்பும் வேண்டும் என்று எழுதுங்கள். கலவரமோ வெள்ளமோ நேர்ந்து முன்னறிவிப்புக்கு இடமில்லாமல் போனால், எந்தத் தேதியில் நிலைமை மீண்டும் பரிசீலிக்கப்படும் என்பதையாவது அறிவியுங்கள். மூடும் முடிவு வெளியாகும் நாளில் ஏற்கெனவே கப்பலிலோ ரயிலிலோ லாரியிலோ புறப்பட்டுவிட்ட சரக்கு போய்ச் சேர விடப்பட வேண்டும். இந்த ஒரு வாசகத்தை மட்டும் பேரத்தில் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன், ஏனெனில் அந்தச் சரக்குக்குப் பணம் கட்டியவருக்கு அதைத் திருப்பி அனுப்பவும் வழியில்லை, வைத்துக் காக்கவும் இடமில்லை. மருந்து, உணவு, எரிபொருள் ஆகியவை எந்தச் சூழலிலும் பேரப்பொருள் ஆகா என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழை, சீல் எண் வேறுபாடு, எடையில் சிறு மாறுபாடு போன்றவற்றை எல்லையிலேயே தீர்க்கும் அதிகாரம் கொண்ட கூட்டு அலுவலகம் ஒன்றை ஒவ்வொரு முதன்மைச் சாவடியிலும் வையுங்கள். அங்கே சரக்கு சராசரியாக எத்தனை மணி நேரம் காத்திருக்கிறது என்பதை மாதந்தோறும் இரு நாட்டு மக்களும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

கடலற்ற நாடுகளின் அமைச்சர்களுக்கும் ஒரு சொல். வழியில் ஆகும் தாமதத்தைப் பேசும் அளவுக்கு, உங்கள் சுங்கச் சாவடிகளிலேயே சரக்கு நிற்கும் நாட்களைப் பற்றி நீங்கள் பேசுவதில்லை. சீல் சரியாக இருந்தும் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் பழக்கமும், காலியான கன்டெய்னரைத் திருப்பி அனுப்புவதில் காட்டும் மெத்தனமும் உங்கள் பக்கத்துக் குறைகள். அண்டை நாட்டிடம் கேட்கும் வேகத்தை முதலில் உங்கள் அலுவலகத்தில் காட்டினால், பேச்சுவார்த்தை மேசையில் உங்கள் குரலுக்கு எடை கூடும்.

இரு தரப்பும் அடுத்து அமரும் கூட்டத்தில் இந்த வாசகங்கள் வரைவிலாவது இடம்பெற வேண்டும் என்றும், அவற்றை ஏற்க இயலாத தரப்பு அதற்கான காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
சரக்கு ஆவணப் பணியில் இருந்த ஒருவன்