இரட்டைப் பூட்டும் தூக்கமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. எனக்குக் கண் அறுவை முடிந்து இப்போது எழுத்து நன்றாகத் தெரிகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

புது வீட்டில் கேமரா, இரட்டைப் பூட்டு, வாசலில் காவலாளி எல்லாம் இருந்தும் தூக்கம் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு வேலை போயிருந்த அந்த ஒன்பது மாதம் நினைவுக்கு வந்தது. திருடிக்கொண்டு போக வீட்டில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பேன். வாடகை பாக்கி, பையனின் பள்ளிக் கட்டணம், யாருக்காவது காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்ற கவலை, இதற்கெல்லாம் முகம் கிடையாது. திருடனுக்கு முகம் உண்டு. மனசு அவனைப் பிடித்துக்கொண்டது. வேலை கிடைத்த மாதமே தாழ்ப்பாளை மறந்துவிட்டேன். தெருவும் பூட்டும் அதேதான்.

இது என் ஒருவன் கதை இல்லை. 23 ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு 2011இல் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். இருட்டிய பிறகு தனியாக நடக்கப் பயமா என்று மக்களிடம் கேட்டு, அந்தப் பதில்களை வைத்துச் செய்த ஆய்வு அது. வேலை போனாலும் நோய் வந்தாலும் அரசு தாங்கிப் பிடிக்கும் நாடுகளில் குற்றத்தைப் பற்றிய பயமும் குறைவாகவே இருந்ததாம்.

இன்னொன்று என்னை ரொம்பவே உலுக்கியது. சிகாகோவில் சாம்ப்சன், ராடன்புஷ் என்ற இரண்டு அறிஞர்கள் வண்டியில் கேமரா வைத்துத் தெருத்தெருவாகப் படம் எடுத்து, குப்பை, சுவர்க் கிறுக்கல் எல்லாவற்றையும் எண்ணினார்கள். அப்புறம் அங்கே வாழ்பவர்களிடம் உங்கள் பகுதி எவ்வளவு சீர்கெட்டிருக்கிறது என்று கேட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்த சீர்கேடு ஒரே அளவாக இருந்தாலும், ஏழைகளும் கறுப்பினத்தவரும் நிறைய வாழும் இடங்களையே மோசம் என்றார்கள். கறுப்பினத்தவர்களும் அப்படியே சொன்னார்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 2004இல் வெளியான முடிவு அது. ஏழ்மையையே ஆபத்தாகப் பார்க்கப் பழகியிருக்கிறோம், நண்பா. ஏழையும் தன்னை அப்படிப் பார்க்கும் அளவுக்கு.

ஆனால் உண்மையில் இழப்பவர் யார்? உன் போன் திருட்டுப் போனால் இரண்டு நாள் எரிச்சல், பிறகு புதுசு. அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு நாளைக்கு எங்கே வேலை என்று சொல்வதே அந்தப் போன்தான். அது போனால் ஒரு வாரச் சாப்பாடு போச்சு. புகார் கொடுக்கப் போனால் அன்றைய கூலியும் போகும். அவருடைய பயத்துக்கு நேரான காரணம் இருக்கிறது. அதற்காக யாரும் கேமரா மாட்டுவதில்லை.

உன்னைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. கடன் வாங்கிக் கட்டிய வீடு, வயது வேறு ஆகிறது, எனக்குப் புரிகிறது. ஒன்று மட்டும் செய். தூக்கம் வராத ராத்திரி கீழே இறங்கி அந்தக் காவலாளியோடு கொஞ்ச நேரம் உட்கார். விடிய விடிய அவர் உன் வாசலில் இருக்கும்போது அவர் வீட்டில் யார் துணை, அந்தக் கதவுக்குச் சரியான தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

என்றும் உன்,
பழைய நண்பன்