மலருக்கு அப்பா எழுதும் கடிதம்

திருப்பூர்

அன்பு மகள் மலருக்கு,

நானும் அம்மாவும் நலம். சென்ற செவ்வாய்க்கிழமை ஆடை வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு நீ அனுப்பிய அறிமுக மின்னஞ்சல் எனக்கும் வந்தது. எல்லா முகவரிகளையும் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரே வரிசையில் இட்டிருந்தாய், 14ஆவது என்னுடையது. நம் அலமாரியில் இருக்கும் விசிட்டிங் கார்டு ஆல்பத்தின் வரிசைதான் அது என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

உன் ஆங்கிலம் எனக்குப் பெருமையாக இருந்தது. முப்பது ஆண்டுகள் எழுதியும் எனக்கு அப்படி அமைந்ததில்லை. ஆயினும், தன் போட்டியாளரின் முகவரியை அதே மடலில் காணும் பையர், அதைப் படிக்காமலே மூடிவிடுவார். முகவரிகளைப் பிசிசியில் மறைத்து அனுப்பினாலும் போதாது. அவரவர் கடையில் என்ன விற்கிறது என்று பார்த்து, பெயரிட்டு, தனித்தனியே எழுது. தலைப்பில் ‘அறிமுகம்’ என்று மட்டும் இடாமல், ‘180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட், திருப்பூர்’ என்று இடு. குறைந்தபட்ச ஆர்டர் எத்தனை பீஸ், சாம்பிள் எத்தனை நாளில் கிடைக்கும் என்பவை முதல் ஐந்து வரிக்குள் வந்துவிட வேண்டும். 18 எம்பி கேட்லாக்கை முதல் மடலிலேயே இணைக்காதே. ஆர்கானிக் துணிக்குத் தரப்படும் ஜிஓடிஎஸ் சான்றிதழ் உன் நிறுவனத்தின் பெயரில் வரும்வரை ‘ஆர்கானிக்’ என்ற சொல்லையும் எழுதாதே. யாரிடம் சான்றிதழ் இருக்கிறது என்று ஜிஓடிஎஸ் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். தனித்தனியே எழுது என்பதை மீண்டும் சொல்கிறேன்.

கையொப்பத்தில் ‘உரிமையாளர்’ என்று இருந்தது. பெங்களூர் வேலையைப் பற்றி அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கைபேசி எண் விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிடு.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து, அதே மடலின் தொடர்ச்சியாக இரண்டு வரியில் நினைவூட்டு. பதில் எழுதாதவர்கள் எல்லோரும் மறுத்தவர்கள் அல்லர். தொழில் தொடங்கலாமா என்று சென்ற ஆடியில் நீ எனக்கு எழுதியிருந்தாய். தன் யூனிட்டையே மூடிவிட்டவன் மகளுக்கு என்ன சொல்லிவிட முடியும் என்ற கூச்சத்தில் நான் பதில் எழுதவில்லை. நீ அழைத்தபோதும் அக்கடிதம் வராததுபோல மழையைப் பற்றியே பேசினேன். அது என் தவறு, மலர். நீ நினைவூட்டவில்லை, அதற்கும் நானே காரணம் என்று எனக்குத் தெரியும்.

ஆல்பத்தில் சிவப்பு மையால் குறியிட்ட ஏழு பேரும் என்னை நன்கு அறிந்தவர்கள். அவர்களுக்கு நீ எழுதும் மடலில் என் பெயரைக் குறிப்பிடலாம். அனுப்பும் முன் எனக்கு அனுப்பு. அன்றிரவே படித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா