எடுக்காத மணிக்கு ஒரு வக்காலத்து

சேலம்,
14.3.2004

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை, பேச்சும் குறையவில்லை.

உன் கடிதம் வந்தது. "போனில் உன் குரல் கேட்டது, நான் பேசியதற்குப் பதிலே இல்லை, பெரிய மனிதனாகிவிட்டாய்" என்று ஒரு பக்கம் முழுக்கத் திட்டியிருக்கிறாய். திட்டிக்கொள். ஆனால் பீப் ஒலிக்குப் பிறகு நீ உதிர்த்த பொன்மொழிகளை என் மகளும் கூடவே கேட்டாள். மேட்டூர் பஸ் கதையை இப்போது ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள். உனக்கு இது தேவையா?

பொங்கலுக்கு நோக்கியா 1100 வாங்கினேன். மின்சாரம் போனால் பட்டறைக்கு டார்ச் ஆகும் என்றுதான் வாங்கினேன், பேசுவதெல்லாம் அதற்கப்புறம். தம்பி மகன் ரமேஷ் சும்மா இருப்பானா? வாய்ஸ் மெயில் போட்டே தீருவேன் என்று என்னை உட்கார வைத்து, "வணக்கம், இப்போது என்னால் பேச முடியவில்லை, தகவலைச் சொல்லுங்கள்" என்று பேச வைத்துவிட்டான். நான் தொண்டையைச் செருமியதும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. அதை அழிக்க அவனுக்கும் தெரியவில்லை.

நீ நினைப்பதுபோல் அந்தக் குரல் என் போனுக்குள் இல்லை. கம்பெனியின் கணினியில் இருக்கிறது. நான் எடுக்காவிட்டாலும், அணைத்து வைத்திருந்தாலும், ஏற்காடு மலைப்பாதையில் சிக்னல் இல்லாத கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொண்டிருந்தாலும் அழைப்பு அங்கே திரும்பிவிடும். எத்தனை விநாடி மணி அடித்த பிறகு திரும்ப வேண்டும் என்பதைக்கூட ஐந்து ஐந்தாக முப்பது வரை நாமே வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒன்றாம் எண்ணை அழுத்திப் பிடித்து, வந்ததைக் கேட்க வேண்டும். கேட்பதற்கும் காசு. இதில் என்ன லாபம் என்று ரமேஷைக் கேட்டால், அமெரிக்காவில் உன் அண்ணன் வீட்டில்கூட இருக்கிறதாம். இருக்கட்டும். அங்கே வீட்டுப் போனுக்குப் பக்கத்திலேயே கேசட் போட்ட பெட்டியை வைத்துப் பழகியவர்கள். இயந்திரத்திடம் பேசக் கூச்சப்படமாட்டார்கள்.

நம் ஊரில் எடுக்காத மணிதானே தகவல்! போன வருடம் மே 1 வரை, வரும் அழைப்புக்கும் நாம்தானே காசு கொடுத்தோம்? பெயரைப் பார்த்ததும் வெட்டிவிட்டு எத்தனை பேர் லேண்ட்லைனுக்கு ஓடியிருப்போம். உள்வரும் அழைப்பு இலவசமான பிறகும் பழக்கம் போகவில்லை, போகவும் வேண்டாம். இல்லாதவன் மணி அடித்து வைக்கிறான், இருப்பவன் திருப்பிக் கூப்பிடுகிறான். இதைவிட நியாயமான கட்டணமுறையை எந்த அரசாங்கம் போட்டுவிடும்? அந்த மணியைப் போய் இந்தப் பதிவுக்குரல் எடுத்துவிடுகிறது. எடுத்த நொடியில் எதிர்ப்பக்கத்தில் மீட்டர் ஓடுகிறது.

என் வீட்டு அம்மாள் அண்ணன் தோட்டத்துக்கு ஏற்காடு போனாள். போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் என்று பேச்சு. நான் பட்டறைச் சத்தத்தில் கவனிக்கவில்லை, குரல் எடுத்துவிட்டது. காசுதான் போய்விட்டதே என்று, நான் பால்காரருக்குப் பணம் கொடுக்காதது முதல் எங்கள் கல்யாண மண்டபச் சண்டை வரை முழுவதையும் பேசித் தீர்த்திருக்கிறாள். பின்னால் மச்சான் சிரிப்பதும் பதிவாகியிருக்கிறது.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். ரங்கம்மாள் அக்கா விஷயம் அப்படியில்லை.

பனங்காட்டில் நமக்குக் கொலுசு பற்றவைத்துக் கொடுப்பவர், உனக்குத் தெரியும். எஸ்டிடி பூத்திலிருந்து ஒரு முறை அடித்து வைத்தால் வேலை முடிந்தது, ஆள் அனுப்பு. அடுத்தடுத்து இரண்டு முறை என்றால் பற்றவைக்கும் பொடி தீர்ந்தது. அன்றைக்கு அவர் வைப்பதற்குள் என் குரல் வந்துவிட்டது. சரி, தம்பி எடுத்துவிட்டான் என்று பேரனுக்குக் காய்ச்சல், கொஞ்சம் முன்பணம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பக்கம் ஒரு 'ம்' கூட இல்லை. வைத்துவிட்டார். பூத்காரர் காசும் கேட்டிருக்கிறார்.

மறுநாள் மகனிடம் முடித்த கொலுசையும் மீதி வெள்ளியையும் மில்லிகிராம் பிசகாமல் எடை போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டார். இனி வேலை வேண்டாமாம். நான் அதற்குப் பிறகுதான் ஒன்றை அழுத்திக் கேட்டேன். அவர் பேசி நிறுத்தி, என் பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி "தம்பி?" என்கிறார். அதோடு முடிகிறது.

உடனே பனங்காட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. கணினி, கம்பெனி என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ இல்லாதபோது உன் குரல் மட்டும் எதற்கு வருகிறது?" என்றார். என்ன சொல்வேன், முருகேசா? தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று கம்பெனிப் பெண் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவள் யாரோ. நானே பேசிவிட்டு நானே கேட்காமல் இருந்தால் அது அவமதிப்புதானே? பேரனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. முன்பணத்தை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். மகனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வந்ததும் ##002# அடித்து எல்லாத் திருப்பலையும் ரத்து செய்தாயிற்று. மலையேறும்போதாவது இருக்கட்டும் என்று ரமேஷ் கெஞ்சினான். முடியாது என்றுவிட்டேன். அவனுக்கு இரண்டு நாளாக என்மேல் வருத்தம். என் போனில் பாம்பு விளையாட்டு ஆடி அதைத் தீர்த்துக்கொள்கிறான்.

இனி நீ தாராளமாக அடிக்கலாம். பகலில் பட்டறையில் காது கேட்காது, அடித்துவிட்டு வை. சாயங்காலம் நான் கூப்பிடுகிறேன், என் காசில். மச்சான் தோட்டத்துக் காப்பிக்கொட்டை இரண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். சேகர் கோவை வரும்போது கொடுத்தனுப்புகிறேன். அவனிடமிருந்து எடை போட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
பழனிச்சாமி